வியர்வையில் தெரியும் நுரையீரல் நோய்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணுவைப் பெற்ற குழந்தைக்கு வரும் பிறவி நோய். மருத்துவமனைகளில் இதைச் சுருக்கமாக சி.எஃப். என்பார்கள். ஏழாவது குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணு, 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை உருவாக்குகிறது. செல்லின் மேல்சவ்வில் குளோரைடு உப்பு போய்வரும் வாயில் அந்தப் புரதம்தான். அது அமையாமல் போனாலும், அமைந்தும் திறக்காமல் போனாலும் உப்பு வெளியே வராது. உப்பு வராத இடத்துக்கு நீரும் வராது. மூச்சுக்குழாய், கணையம், பித்தநாளம், குடல், விந்துநாளம் என்று சுரப்பு நீர் ஓடவேண்டிய இடங்களிலெல்லாம் அது ஆறிப்போன சவ்வரிசிக் கஞ்சிபோல் இறுகிவிடுகிறது.

வியர்வைச் சுரப்பியில் நடப்பது இதற்கு நேர்மாறு. சுரந்த வியர்வை தோலுக்கு வந்து சேரும் முன் அதிலுள்ள உப்பின் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்கும் இதே வாயில்தான் வழி. அது மூடிக்கிடந்தால் உப்பின் பெரும்பகுதி வியர்வையோடு வெளியேறிவிடும். இந்தக் குழந்தைகளின் வியர்வை கரிப்பதும், வெயிலில் விளையாடி வந்தபின் நெற்றியில் உப்புப் பூப்பதும் இதனால்தான். நோயின் கொடுமை நுரையீரலில் இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுப்பது வியர்வைதான்.

நுரையீரலில் தேங்கிய கெட்டிச் சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. அவற்றை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே மடிந்து சளியை மேலும் கெட்டியாக்குகின்றன. அவை விட்டுச்செல்லும் நொதிகள் மூச்சுக்குழாய்ச் சுவரை அரிக்கின்றன. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சீழ்ச்சளி தங்கும் பைகளாகின்றன. அந்த நிலைக்கு பிராங்கியெக்டாசிஸ் என்று பெயர். விரிந்த குழாயை மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. நோயை எந்த வயதில் கண்டுபிடிக்கிறார்கள் என்பது இதனாலேயே உயிர்ப் பிரச்சினையாகிறது.

கண்டறிந்த வரலாறு

1938-ல் நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த டாரதி ஆண்டர்சன், செரிமானக் கோளாறால் இறந்ததாகக் கருதப்பட்ட குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்தபோது பலரது கணையம் நார்த்திசுவும் நீர்க்கட்டிகளுமாக மாறியிருப்பதைக் கண்டார். நோய்க்குப் பெயர் வந்தது அப்படித்தான். 1948 கோடையில் அந்நகரை வெப்ப அலை தாக்கியபோது, வெயிலில் துவண்டு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்த நோயாளிகள் மிகுதியாக இருந்தனர். அங்கே பணியாற்றிய பால் டி சாண்ட் ஆக்னீஸ் அதன் காரணத்தைத் தேடினார். இவர்கள் வியர்வையில் இயல்பைவிடப் பல மடங்கு உப்பு இருப்பதை அவர் 1953-ல் வெளியிட்டார். 1959-ல் கிப்சனும் குக்கும் வியர்வையைச் சேகரிக்கப் பாதுகாப்பான வழியை வகுத்தார்கள். உலகெங்கும் இன்றும் நடப்பது அந்தச் சோதனைதான்.

இந்த நோயாளிகளின் வியர்வை நாளச் சுவர் குளோரைடைக் கடத்துவதில்லை என்பதை 1983-ல் நிறுவியவர் பால் குவின்டன். அவரே இந்த நோயுடன் பிறந்தவர். கல்லூரி மாணவராக இருந்தபோது நூலகத்தில் மருத்துவ நூல்களைப் படித்து, தம் இருமலுக்கு எந்த மருத்துவரும் சொல்லாத காரணத்தைத் தாமே கண்டுகொண்டவர். மரபணு 1989-ல் கிடைத்தது. டொராண்டோவின் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், மிச்சிகனின் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் அதைச் சேர்ந்து கண்டுபிடித்தன. 508-ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் விடுபட்டிருப்பதே ஐரோப்பிய நோயாளிகளிடம் மிகுதியாகக் காணும் பழுது. இதுவரை பதிவான மாறுபாடுகள் 2,000-க்கும் மேல்.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் சுமார் 2,500 பிறப்புக்கு ஒரு குழந்தை என்ற கணக்கில் இந்த நோய் காணப்படுவதால், இது வெள்ளையரின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. இந்தியாவில் 1968-லேயே ஒரு குழந்தைக்கு இந்த நோய் இருந்தது மருத்துவ இதழில் பதிவாகியும் எண்ணம் மாறவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்குகள், 10,000 முதல் 40,000 பிறப்புக்கு ஒன்று என்ற அளவைக் காட்டுகின்றன. மக்கள்தொகை பெரிய நாட்டில் இது சிறிய எண்ணிக்கை அன்று. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களில், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த பழுதான மரபணு கணவன் மனைவி இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகளை அல்லது அத்தை மகனை மணப்பதும் நோயை உண்டாக்குவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே மறைந்திருக்கும் பழுது இரட்டையாகச் சேரவே அவை வழிவிடுகின்றன.

நோய் முகம் காட்டும் விதம்

பிறந்த ஓரிரு நாளில் முதல் மலம் வெளியேறாமல் குடலடைப்பு ஏற்படுவது நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். நோயுள்ள சிசுக்களில் ஆறில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரை இப்படித் தொடங்குவதுண்டு. மற்றவர்களிடம் முதல் சில மாதங்களில் மூன்று அடையாளங்கள் சேர்ந்து வரும். விட்டுவிட்டு வரும் நெஞ்சுச்சளி ஒன்று. நன்றாகப் பசித்துப் பால் குடித்தும் எடை ஏறாமை இரண்டாவது. எண்ணெய்ப் பசையோடு கடும் நாற்றமடிக்கும் மலம் மூன்றாவது. நோயாளிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குக் கணைய நொதிகள் குடலுக்கு வந்து சேர்வதில்லை. உண்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது. அதனுடன் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடுகின்றன. சில சிசுக்கள் உடல் வீங்கி, ரத்தம் குறைந்து, வெளுத்துப்போய் வருவார்கள்.

வெப்பநாடுகளுக்கு உரிய இன்னொரு முகமும் உண்டு. சித்திரை வைகாசி வெயிலில், பெரிய வயிற்றுப்போக்கு எதுவும் இல்லாமலேயே குழந்தை துவண்டுபோகும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் இறங்கி, காரத்தன்மை ஏறியிருக்கும். சிறுநீரகத்தில் வரும் பார்ட்டர் நோயும் இதே படத்தைத்தான் காட்டும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது சிறுநீரில் உள்ள குளோரைடு. பார்ட்டர் நோயில் அது மிகுந்திருக்கும். சி.எஃப். குழந்தையின் உடல் உப்பைத் தோல் வழியே இழப்பதால் சிறுநீரில் அது குறைந்திருக்கும். கோடையில் இப்படி ஒரு குழந்தை வந்தால் அதன் வியர்வையைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது இந்தப் பணியில் உள்ளவர்கள் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட விதி.

வளர்ந்த குழந்தைகளிடம் ஓயாத இருமல், மூக்கில் சதை வளர்ச்சி, விரல்நுனி உருண்டு நகம் குவிதல், ஆசனவாய் வெளித்தள்ளுதல் ஆகியவை காணும். லேசான மாறுபாடு உள்ளவர்களிடம் நோய் முப்பது வயதுக்குப் பிறகும் வெளிப்படலாம். குழந்தையில்லாத காரணம் தேடிச் சோதனைக்குப் போன ஆண்களிடம் விந்துநாளமே இல்லாததைக் கண்டு, அங்கிருந்து நோயைப் பிடித்ததும் உண்டு.

தவறவிடும் இடங்கள்

தமிழ்நாட்டில் அடிக்கடி இருமும் மெலிந்த குழந்தைக்கு முதலில் ஒட்டப்படும் பெயர் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைப் பருவக் காசநோய். காசநோய் மிகுந்த நாட்டில் அந்த ஐயம் நியாயமானதே. சி.எஃப். நோயும் நுரையீரலின் மேல்மடல்களை முதலில் தாக்குவதால் எக்ஸ்ரே படம் காசநோய்போலவே தோன்றும். ஆறு மாத மருந்து முடிந்தும் இருமல் நிற்காது. கிருமி பிடிபடாமலேயே இரண்டாவது முறையும் காசநோய் மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகள், வியர்வைச் சோதனை அறைக்கு வருபவர்களில் வழக்கமாக இருப்பார்கள். அடுத்த பெயர் இழுப்பு அல்லது வீசிங். இன்ஹேலர் சற்றே உதவுவதால் அந்தப் பெயரும் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடும். ஆனால் ஆஸ்துமாவில் விரல்நுனி உருளாது, மலத்தில் எண்ணெய் மிதக்காது, எடையும் இந்த அளவுக்குக் குறையாது.

வீட்டுக்குள்ளும் நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. மாந்தம் என்பார்கள், சீர் தட்டியது என்பார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். சளி பிடிக்கும் என்று தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்துவார்கள். வயிற்றுப்போக்கு என்று நெய்யையும் எண்ணெயையும் குறைப்பார்கள். அன்பினால் செய்யும் இந்தப் பத்தியம், ஏற்கெனவே தேறாத குழந்தையை மேலும் மெலிவிக்கிறது. நிமோனியாவை ஒரு மருத்துவமனையிலும், வயிற்றுக் கோளாறை இன்னொன்றிலும், எடைக் குறைவை மூன்றாவதிலும் காட்டுவதால் மூன்றும் ஒரே நோயின் கிளைகள் என்பது எவர் கண்ணிலும் படுவதில்லை. பழைய சீட்டுகளையும் படங்களையும் ஒன்றுவிடாமல் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். இறந்துபோன மூத்த குழந்தை ஏதேனும் உண்டா, எப்படி இறந்தது என்ற கேள்வியையும் மென்மையாகக் கேட்டாக வேண்டும்.

வியர்வைச் சோதனை

இந்தச் சோதனைக்கு ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகி, எடை இரண்டு கிலோவைத் தாண்டியிருந்தால் செய்யலாம். முன்கையின் உட்பக்கத்தை வாலைநீரால் துடைத்து உலர்த்தி, பைலோகார்ப்பின் மருந்தில் நனைத்த பட்டையை வைத்து, ஐந்து நிமிடம் மெல்லிய மின்னோட்டம் செலுத்துவார்கள். மருந்து தோலுக்குள் இறங்கி வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். பிறகு அந்த இடத்தில் எடை போட்டு வைத்த வடிதாளையோ துணியையோ வைத்துக் காற்றுப் புகாமல் மூடி 30 நிமிடம் சேகரிப்பார்கள். சுருள்குழாய் பொருத்திச் சேகரிக்கும் கருவியும் உண்டு.

முறை எளிது, ஆனால் கவனம் பிசகினால் முடிவு தவறாகும். வடிதாளில் குறைந்தது 75 மில்லிகிராம், சுருள்குழாயில் 15 மைக்ரோலிட்டர் வியர்வை சேரவேண்டும். சேராவிட்டால் அந்த மாதிரியை அளக்காமல் வேறொரு நாள் மறுபடி செய்யவேண்டும். இரண்டு கை வியர்வையைச் சேர்த்து அளவை நிரப்புவது தவறு. மூடியின் ஓரம் பிரிந்தால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு பொய்யாக ஏறும். விரல் பட்டால் தொடுபவரின் உப்பும் சேரும். வீக்கமுள்ள குழந்தையிடம் அளவு பொய்யாக இறங்கும் என்பதால் வீக்கம் வடிந்தபின் மறுபடி பார்க்கவேண்டும். குழந்தையைப் போர்த்தி, பால் கொடுத்து, தாயின் மடியிலேயே வைத்திருந்தால் வியர்வை நன்றாகச் சேரும்.

குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உண்டு என்று கொள்ளவேண்டும். 30-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இல்லை. இடைப்பட்ட அளவுக்கு மறுசோதனையும் மரபணுச் சோதனையும் தேவை. ஒரே முடிவை வைத்து வாழ்நாள் நோயைச் சொல்வதில்லை. வேறொரு நாளில் மீண்டும் செய்து உறுதிசெய்வார்கள். வெளிநாட்டுக் கருவிகளின் விலையைக் கருதி, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்நாட்டிலேயே வியர்வை சேகரிக்கும் முறையை உருவாக்கி 2002-ல் வெளியிட்டார்கள். வேலூர் சி.எம்.சி., சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற மையங்களிலும் இந்தச் சோதனையும் தொடர் சிகிச்சையும் நடக்கின்றன.

மரபணுச் சோதனையை அதற்கடுத்துச் செய்வார்கள். ஐரோப்பியருக்காகத் தயாரித்த பட்டியல்படி சில மாறுபாடுகளை மட்டும் தேடினால் இந்தியக் குழந்தைகளில் பலர் விடுபட்டுப் போவார்கள். 508-ஆம் இடத்துப் பழுது இங்கே பாதிக்கும் குறைவான மரபணுக்களிலேயே காணப்படுகிறது. ஆகவே மரபணுவை முழுவதும் வாசிக்கும் சோதனையே பொருத்தம். குழந்தை மிக மோசமான நிலையில் வந்தாலும் மரபணுச் சோதனைக்கான ரத்தத்தை எடுத்து வைப்பது அவசியம். அந்தக் குழந்தை இறந்துவிட்டால், பெற்றோரின் அடுத்த கருவைச் சோதிக்க உறுதியான வழிகாட்டி அதுவே.

பெற்றோரிடம் சொல்லுதல்

நோயின் பெயரை வராந்தாவில் நிறுத்திச் சொல்லக்கூடாது. தாய் தந்தை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லவேண்டும். தாயிடம் மட்டும் சொன்னால் புகுந்த வீட்டில் பழி முழுவதும் அவள்மேல் விழும். பழுதான மரபணு இருவரிடமிருந்தும் சரிபாதியாக வந்தது, அதைச் சுமந்த இருவருக்கும் எந்த நோயும் இல்லாததால் முன்பே தெரிந்திருக்க வழியில்லை என்பதைத் தாத்தா பாட்டியும் கேட்கும்படி சொல்வது நல்லது. ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று பொருளில்லை. உடன்பிறந்தோர் நலமாகத் தோன்றினாலும் அவர்களுடைய வியர்வையையும் சோதிக்கவேண்டும்.

அன்றாட வாழ்வு

சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. காலையும் மாலையும் சளியை வெளியேற்றுவது அதன் மையம். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அடுத்து நெபுலைசரில் அடர் உப்புநீர், பிறகு பயிற்சி, தேவைப்பட்டால் கடைசியில் மூச்சில் செலுத்தும் ஆன்டிபயாடிக் என்பது வரிசை. கிருமிக்கான மருந்தை முன்னதாக வைத்தால் அது சளியின் மேலேயே தங்கிவிடும். 7 விழுக்காடு உப்புநீரின் பயன், ஆஸ்திரேலியாவில் கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளின் நுரையீரல் நன்றாக இருப்பதைக் கவனித்ததன் தொடர்ச்சியாகத் தெரியவந்தது. 2006-ல் ஆய்வுகள் அதை உறுதிசெய்தன.

சிசுவுக்கு நெஞ்சில் தட்டிவிடுவார்கள். சற்று வளர்ந்த குழந்தை, பாட்டில் தண்ணீரில் குழாயை விட்டுக் குமிழி ஊதலாம். அந்த எதிரழுத்தம் குழாய்களைத் திறந்து வைத்துச் சளியை மேலே தள்ளும். பெரியவர்கள் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி, வாயைத் திறந்து 'ஹா' என்று பலமாக விடும் முறையைக் கற்றுக்கொள்வார்கள். ஓட்டமும் நீச்சலும் மிதிவண்டியும் மருந்துக்குத் துணையானவை. நெபுலைசர் கிண்ணத்தைத் தினமும் சோப்பு நீரில் கழுவி, கொதிக்கவைத்து, முழுக்க உலர்த்தவேண்டும். ஈரமான கிண்ணமே கிருமியை நுரையீரலுக்குக் கொண்டுசேர்க்கும்.

கொழுப்புள்ள ஒவ்வொரு உணவோடும் கணைய நொதி மாத்திரை வேண்டும். சிசுவுக்கு அதன் மணிகளை நசுக்காமல் புளிப்புள்ள பழக்கூழில் கலந்து கொடுக்கலாம். நொதியோடு சேர்ந்து நெய், நல்லெண்ணெய், முட்டை, நிலக்கடலை எல்லாம் தாராளமாக வேண்டும். இந்தக் குழந்தைகளுக்குச் சம வயதினரைவிடக் கூடுதல் உணவு தேவை. எடை நன்றாக இருக்கும் குழந்தையின் நுரையீரலும் நன்றாக இருக்கிறது. உப்பும் கூடுதலாகத் தேவை. கோடையில் உப்பிட்ட மோரும் கஞ்சியும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் கைவசம் இருக்கவேண்டும்.

நோயாளி மையத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் சளியைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள். சூடோமோனாஸ் கிருமி முதன்முதலில் தென்படும்போதே தீவிரமாக மருந்து கொடுத்தால் அதை அகற்ற முடியும். அது நிலைத்துவிட்டால் பிறகு அகற்றுவது அரிது. இந்தக் கிருமிகள் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் பரவுவதால் இருவரை அருகருகே உட்காரவைப்பதில்லை. குறைந்தது இரண்டு மீட்டர் இடைவெளியும் முகக்கவசமும் விதி. பள்ளித் தோழர்களுக்கு இந்த நோய் தொற்றாது. இதை ஆசிரியர்களிடம் தெளிவாகச் சொல்லி, வகுப்பில் இருமவும், தண்ணீர் குடிக்கவும், கழிப்பறைக்குப் போகவும் அனுமதி பெற்றுவைப்பது பெற்றோரின் கடமைகளில் ஒன்று.

புதிய மருந்துகளும் வருங்காலமும்

பழுதான வாயிலையே திருத்தும் முதல் மருந்து ஐவாகாஃப்டர் 2012-ல் வந்தது. மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பொருத்தமான மாறுபாடு உள்ளவர்களிடம் அது சளியை இளக்கி, எடையை ஏற்றி, வியர்வையின் உப்பையே குறைத்துவிடுகிறது. அறிமுகமானபோது அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். அர்ஜென்டினா போன்ற நாடுகளில் நகல் மருந்துகள் தயாராகின்றன. இந்தியக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது இன்னும் எட்டாத விலை. சில மாறுபாடுகளுக்கு இந்த மருந்து பயன்படவும் செய்யாது. ஆயினும் எந்த மாறுபாடு என்பதைத் தெரிந்து வைத்திருப்பவரே மருந்து கைக்கெட்டும் நாளில் பயன்பெற முடியும்.

ஆண்டர்சன் காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி வயதை எட்டவில்லை. அமெரிக்காவில் இன்று பிறப்பவர்களுக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் 60 ஆண்டைத் தாண்டிவிட்டது. அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி புதிய மருந்துகள் வருவதற்கு முன்பே நிகழ்ந்தது. உணவு, நொதி, மூச்சுப் பயிற்சி, ஆன்டிபயாடிக், தொடர் கண்காணிப்பு ஆகியவை அதைச் சாதித்தன. இவை அனைத்தும் இந்தியாவிலும் கிடைப்பவை. வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோயையும் கல்லீரல் பாதிப்பையும் எலும்பு மெலிவையும் ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும். ஆண்களில் பெரும்பாலோருக்கு இயற்கையாகக் குழந்தை பிறக்காது. ஆனால் விந்தணு உற்பத்தியாவதால் அதை எடுத்துக் கருவூட்டும் சிகிச்சைக்கு வழி உண்டு. அடுத்த குழந்தையை எதிர்பார்க்கும் பெற்றோர், குடும்பத்தின் மாறுபாடு தெரிந்திருந்தால் 11 முதல் 13 வாரங்களுக்குள் கருவைச் சோதித்துக்கொள்ளலாம்.

பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்த நோயைச் சோதிக்கும் தேசியத் திட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே நோயைச் சந்தேகிப்பது ஒன்றே இப்போதுள்ள வழி. திரும்பத் திரும்ப நிமோனியா வரும் குழந்தை, பசித்துச் சாப்பிட்டும் தேறாத குழந்தை, மலத்தில் எண்ணெய் மிதக்கும் குழந்தை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை, வெயில் காலத்தில் காரணமின்றித் துவளும் குழந்தை, காசநோய் மருந்து முடித்தும் இருமல் நிற்காத குழந்தை என்று எவரையேனும் கண்டால் பெற்றோர் மருத்துவரிடம் வியர்வைச் சோதனை வேண்டும் என்று தயங்காமல் கேட்கவேண்டும். இறந்த அண்ணனோ அக்காவோ இதே போல் இருமியிருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக்கூடாது.